அத்தியாயம் 5: ஆத்திர அவசரத்துக்குக் கைப்பணம்

இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுகிறது. ஆட்டோவுக்கு 200, டாக்டருக்கு 300, ரத்தப் பரிசோதனைக்கு 600, மருந்துக்கு 400. மறுநாள் வேலைக்குப் போக முடியாததால் போன கூலி 500. எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய். இந்த 2,000 வீட்டில் இல்லாததால்தான் விடிந்ததும் தண்டல்காரருக்குப் போன் போகிறது.

தண்டல் கணக்கைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். கடன் 10,000 என்று எழுதிக்கொள்வார்கள். 1,500 முன்னதாகவே பிடித்துக்கொண்டு, கையில் 8,500 தருவார்கள். மறுநாள் முதல் தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. தேவைப்பட்டது 2,000 மட்டும். மீதி 6,500 எங்கே போனது என்று பத்து நாள் கழித்துக் கேட்டால் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. 100 ரூபாய்த் தவணை மட்டும் மூன்று மாதத்துக்கு மேல் வாசலில் வந்து நிற்கும்.

ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வையுங்கள் என்று நிதி ஆலோசகர்கள் சொல்வார்கள். மாதம் 18,000 வரும் வீட்டில் அது ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்தத் தொகையைக் கேட்டதுமே மனசு விட்டுப்போய், பலர் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காமல் இருந்துவிடுகிறார்கள். இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள். உங்கள் முதல் இலக்கு 3,000 ரூபாய். தண்டல்காரரை ஒரு முறை தவிர்க்க அது போதும். அதற்கு அடுத்தது ஒரு மாதச் செலவுப் பணம். மூன்று மாதச் செலவுப் பணம் கடைசி இலக்கு. அதை எட்ட நாலைந்து ஆண்டு ஆனாலும் பரவாயில்லை.

படி 1: ஒரு மாதம் எழுதுங்கள்

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு மாதம் முழுக்க வந்தது, போனது எல்லாவற்றையும் எழுதுங்கள். எதையும் குறைக்க வேண்டாம், யாரையும் கேள்வி கேட்கவும் வேண்டாம். எழுதினால் மட்டும் போதும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு கணவன் மனைவியை எடுத்துக்கொள்வோம். அவர் அயர்னிங், அந்த அம்மா செக்கிங். சனிக்கிழமைதோறும் கூலி. ஆர்டர் இருக்கும் மாதத்தில் இருவருக்கும் சேர்த்து 20,000 வரும், ஆர்டர் படுத்துவிட்டால் 14,000தான். இரண்டு பிள்ளைகள், லைன் வீடு. அவர்கள் நோட்டு இப்படி இருக்கும்:

வாடகை 4,500
மளிகை 4,000
காய்கறி 1,500
பால் 1,200
கேஸ் 900
போக்குவரத்து 600
செல்போன் ரீசார்ஜ் 500
கரண்ட் 400
மருந்து மாத்திரை 300
குழுக் கடன் தவணை 2,000

மொத்தம் 15,900. இது கட்டாயச் செலவு. டீக்கடை, பலகாரம், மொய், துணிமணி எதுவும் இதில் இல்லை. ஆக, இந்த வீட்டின் 'ஒரு மாதச் செலவுப் பணம்' 16,000. கடன் தவணையையும் கட்டாயச் செலவில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். வேலை இல்லை என்பதற்காகக் குழுவில் தவணையைத் தள்ளிப்போட முடியாது. பலரும் இதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள்.

குறிப்பு: கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். அதைப் பாதியாக்கி மாதத்துக்கு எழுதுங்கள்.

படி 2: அவசரம் எது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

பணம் கண்ணில் பட்டால் எல்லாமே அவசரமாகத் தெரியும். அதனால் முதல் ரூபாய் சேர்வதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் நாலே நாலு வரி எழுதுங்கள்:

1. உடம்புக்கு முடியாமல் போவது
2. வேலை நின்றுபோவது, கூலி பாதியாவது
3. பிழைப்புக்கான கருவி பழுதாவது (தையல் மெஷின், ஆட்டோ, தள்ளுவண்டி, வேலைக்குப் போகும் டூவீலர்)
4. நெருங்கிய வீட்டில் சாவு

இதில் இல்லாத எதற்கும் இந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

ஜூனில் பள்ளி திறப்பதும் ஐப்பசியில் தீபாவளி வருவதும் எல்லோருக்கும் தெரிந்த தேதிகள். தேதி தெரிந்த செலவு அவசரம் ஆகாது. அதற்குத் தனி டப்பா வையுங்கள். வாரம் 50 ரூபாய் போட்டாலும் ஆண்டுக்கு 2,600 சேரும். நோட்டுப் புத்தகமும் சீருடைத் தையல் கூலியும் அதில் போகும்.

மொய்தான் இங்கே சிக்கல். வந்த மொய்யைத் திருப்பிச் செய்யாவிட்டால் சொந்தபந்தத்தில் தலைகாட்ட முடியாது. அது ஒரு கடன், நானும் மறுக்கவில்லை. ஆனால் அது நோட்டில் பதிந்துள்ள கடன். வாங்கிய மொய் நோட்டைப் புரட்டினால் யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும். வருகிற வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு எவ்வளவு தேவை என்று இப்போதே கூட்டிப் பார்த்துத் தனி டப்பாவில் போடுங்கள். அவசரப் பணத்திலிருந்து மொய் எடுக்கத் தொடங்கினால் அந்தப் பணம் நிற்கவே நிற்காது.

படி 3: பணத்துக்கு இடம் பார்த்து வையுங்கள்

என் அம்மா சிறுவாட்டுக் காசை அரிசிப் பானைக்குள் வைப்பார். காய்கறிக்காரரிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்த இரண்டு ரூபாய், பால் கணக்கில் தேறிய ஐந்து ரூபாய். சில்லறை 500 சேர்ந்ததும் பக்கத்து மளிகைக் கடையில் கொடுத்து ஒரே நோட்டாக மாற்றி, மஞ்சள் துணியில் சுற்றி அரிசிக்குள் புதைத்துவிடுவார். எங்கள் வீட்டில் இரண்டு ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கியது அந்தப் பானைதான். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அந்த மஞ்சள் துணியில் ஏழு ஐநூறு இருந்தது. அரிசி மணம் வீசும் நோட்டுகளை எடுத்துக்கொண்டு அம்மா வங்கி வரிசையில் நின்றார். அதுவரை அவருக்கென்று ஒரு கணக்குகூட இல்லை. பணம் பத்திரமாக மாறியது. ஆனால் சிறுவாடு எவ்வளவு என்று வீடு முழுக்கத் தெரிந்துபோனதில் அவருக்கு வருத்தம்.

சேர்க்கும் பழக்கத்தை அம்மாவிடம் கற்றுக்கொள்ளுங்கள். இடத்தை மட்டும் மாற்றுங்கள். பணம் இருக்கும் இடத்துக்கு இரண்டு தகுதி வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு ஒரே நாளில் கைக்கு வர வேண்டும். ஆசைக்கு எடுக்க நினைத்தால் நாலு எட்டு நடக்க வேண்டியிருக்க வேண்டும்.

வீட்டில்: 500 ரூபாய், ஐந்து நூறு ரூபாய்த் தாளாக. நள்ளிரவு ஆட்டோவுக்கு இது. அதற்கு மேல் வீட்டில் வேண்டாம். மழை வெள்ளம், கரையான், கைநீட்டும் உறவு எல்லாம் இருக்கின்றன.

கணக்கில்: மீதி முழுவதும். கூலி வந்து விழும் கணக்கில் வைக்காதீர்கள். அதில் தவணை பிடிப்பார்கள், கட்டணம் பிடிப்பார்கள், போனிலிருந்து டீக்கடைக்குப் போகும் பத்து ரூபாயும் அதிலிருந்துதான் போகும். வேறொரு வங்கியில் ஜன் தன் கணக்கு அல்லது அடிப்படைச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, ரூபே கார்டு தருவார்கள். ஒரு வங்கியில் அடிப்படைக் கணக்கு வைத்திருப்பவர் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் வேறு வங்கி என்கிறேன். இந்தக் கணக்கைப் போனில் எந்தப் பணம் அனுப்பும் செயலியோடும் இணைக்காதீர்கள். கார்டு பர்ஸில் இருக்க வேண்டாம், டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும்.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கும் நல்லதுதான். வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். ஆனால் அதில் எப்போதும் 500 ரூபாய் இருக்க வேண்டும். அந்த 500 உங்களுக்கு அவசரத்துக்கு உதவாது. அஞ்சலகத்தைத் தேர்ந்தெடுத்தால் முதல் இலக்கை 3,500 என்று மாற்றி எழுதுங்கள். கணக்கு தொடங்கும்போதே ஏடிஎம் கார்டுக்கும் விண்ணப்பம் கொடுங்கள். கார்டு இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலுக்குத் திங்கட்கிழமைதான் பணம் வரும்.

எதுவானாலும் நாமினி பெயரைப் பதிவு செய்யாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். பாஸ்புக் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொகையைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். குடிப்பழக்கம் உள்ள வீட்டில் சொல்லாதிருப்பதே பாதுகாப்பு. அங்கே மூத்த பிள்ளையிடமோ உடன்பிறந்தவரிடமோ சொல்லி வையுங்கள்.

படி 4: கூலி வாங்கிய கையோடு எடுத்து வையுங்கள்

செலவு போக மிஞ்சியதைச் சேர்க்கலாம் என்று இருந்தால் எதுவும் மிஞ்சாது. முதலில் எடுத்துவிட்டு மீதியில் குடும்பம் நடத்த வேண்டும். நம் திருப்பூர்க் குடும்பத்துக்கு வாரம் 150 என்று வைத்துக்கொள்வோம். 20 வாரத்தில் 3,000.

1. சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் ஒரு நூறும் ஒரு ஐம்பதும் தனியே எடுங்கள். மளிகைக் கடைக்குப் போவதற்கு முன், வீட்டுப் படியேறுவதற்கு முன்.
2. சுருக்குப் பையிலோ சட்டையின் உள்பையிலோ வையுங்கள். மற்ற பணத்தோடு சேரக் கூடாது.
3. வீட்டு டப்பாவில் போட்டு, நோட்டில் தேதியும் தொகையும் எழுதுங்கள்.
4. நாலு வாரத்துக்கு ஒரு முறை, 600 சேர்ந்ததும் கணக்கில் கட்டுங்கள். பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்குங்கள்.

மாதச் சம்பளம் வங்கியில் வருபவர்கள் சம்பளம் விழுந்த மறுநாள் குறிப்பிட்ட தொகை தானாக மற்றக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடலாம். தினக்கூலிக்காரர்கள் வேலை கிடைத்த நாளில் மட்டும் 20 ரூபாய் போடுங்கள். வேலை இல்லாத நாளுக்குப் பாக்கி வைத்து மறுநாள் 40 போட வேண்டாம். பாக்கி ஏறினால் சலிப்பு வந்து விட்டுவிடுவீர்கள். ஆட்டோ ஓட்டுபவர், தள்ளுவண்டிக்காரர் போல நாளுக்கு நாள் வருமானம் மாறுகிறவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கு பொருந்தும்.

ஆர்டர் படுத்த மாதத்தில் 150 முடியாது. 20 ரூபாயாவது போடுங்கள். சனிக்கிழமை டப்பாவைத் திறக்கும் வழக்கம் விட்டுப்போகக் கூடாது.

150 ரூபாய்க்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நோட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தினம் 20 ரூபாய் டிக்கெட்டுக்குக் கொடுத்துவந்த ஒருவருக்கு மாதம் 500 மிச்சம். அந்த 500 இப்போது எங்கே என்று பல பெண்களிடம் கேட்டிருக்கிறேன். யாராலும் சொல்ல முடியவில்லை. மிச்சமாகும் பணத்துக்கு அன்றே ஓர் இடம் காட்டாவிட்டால் அது தானே கரைந்துவிடும். டிக்கெட் வாங்காத ஒவ்வொரு நாளும் அந்தக் காசை டப்பாவில் போடுங்கள். மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகை வாங்குபவர்கள் அதில் 200 ரூபாயை இதற்கென்று ஒதுக்கலாம்.

தீபாவளி போனஸில் நாலில் ஒரு பங்கை வாங்கிய அன்றே கணக்கில் கட்டுங்கள். மறுநாள் ஜவுளிக்கடைக்குப் போகலாம்.

படி 5: கடன் இருக்கிறதே, அதை அடைப்பதா, இதைச் சேர்ப்பதா?

முதலில் 3,000 சேருங்கள். பிறகு கூடுதல் பணம் முழுவதையும் வட்டி அதிகமான கடனில் கொட்டுங்கள். கடனே குறியாக இருந்து கையில் ஒன்றுமில்லாமல் அடைப்பவர், அடுத்த காய்ச்சலுக்கு மறுபடியும் அதே ஆளிடம்தான் போக வேண்டியிருக்கும். பத்து வட்டி, மீட்டர் வட்டிக் கடன் தீர்ந்த பிறகே இரண்டாவது இலக்கான ஒரு மாதச் செலவுப் பணத்துக்கு வாருங்கள். அதுவரை தண்டலுக்குக் கட்டிப் பழகிய 100 ரூபாயை, கடன் தீர்ந்த மறுநாளே டப்பாவுக்குத் திருப்புங்கள். கட்டிப் பழகிய கை அது, வலிக்காது.

பாதுகாப்பு: வட்டிக்காரரிடம் எழுதாத வெற்றுக் காசோலையோ, கையெழுத்து மட்டும் போட்ட பத்திரமோ கொடுக்காதீர்கள். கொடுமையான வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். போனில் ஐந்து நிமிடத்தில் கடன் என்று வரும் முகம் தெரியாத செயலிகளை இறக்கவே இறக்காதீர்கள். போனில் உள்ள எல்லா எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களிடம் மானத்தை வாங்குவார்கள். கணக்கிலிருந்து பணம் திருடு போனால் அந்த நிமிடமே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

படி 6: 3,000 தாண்டியதும்

இனி மாதம் 300 ரூபாயை ஆர்.டி.யில் போடலாம். அஞ்சலக ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்குகிறது, காலம் ஐந்து ஆண்டு. ஆனால் மூன்று ஆண்டுக்கு முன் முடித்துப் பணத்தை எடுக்க முடியாது. 12 தவணை கட்டி ஓராண்டு ஆன பிறகு, கட்டியதில் பாதி வரை கடனாகக் கிடைக்கும். அதனால்தான் முதல் 3,000 அங்கே போகக் கூடாது என்கிறேன். ஓராண்டு, இரண்டாண்டு வங்கி ஆர்.டி. என்றால் இடையில் முடித்தாலும் வட்டியில் கொஞ்சம்தான் குறையும்.

சுய உதவிக் குழுச் சேமிப்பும் கைகொடுக்கும். 1989இல் தருமபுரியில் தொடங்கிய இந்த வழக்கம் எத்தனையோ வீடுகளைத் தாங்கியிருக்கிறது. குழுவின் சொந்தப் பணத்திலிருந்து தரும் உள்கடனுக்கு வட்டி குறைவு. ஆனால் கூட்டம் கூடித் தீர்மானம் போட்டால்தான் பணம் வரும். நள்ளிரவு ஆட்டோவுக்கு அது உதவாது.

படி 7: அவசரத்தையே சின்னதாக்குங்கள்

வங்கிக் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் (18 முதல் 70 வயது வரை), 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் (18 முதல் 50 வரை சேரலாம்) கிடைக்கும். இரண்டும் சேர்த்து 456 ரூபாய். மே மாதக் கடைசியில் தானாகப் பிடிப்பார்கள். அப்போது கணக்கில் பணம் இருக்க வேண்டும்.

மாதக் கூலி 21,000க்குள் இருந்து, கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தால் அந்த அட்டை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவம் மட்டுமல்ல, உரிய நாட்கள் வேலை செய்து சந்தா கட்டியவர் நோயில் படுத்தால் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பிடித்தம் மட்டும் தெரிந்து, இந்தச் சலுகை தெரியாதவர்கள் நிறைய. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். கட்டட வேலை, தையல், வீட்டு வேலை செய்பவர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

பலரும் சறுக்கும் இடங்கள்

தீபாவளிச் சீட்டு: மாதம் 500 கட்டினால் தங்கக் காசும் பட்டாசும் என்பார்கள். தெருவில் தெரிந்தவர்தானே என்று கட்டி, ஐப்பசியில் பூட்டிய வீட்டின் முன் நின்றவர்கள் ஏராளம். பதிவு பெற்ற ஏலச்சீட்டுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அப்போதும் அவசரத்துக்கு எடுக்க வேண்டுமானால் தள்ளி ஏலம் கேட்டு நட்டப்பட வேண்டும்.

நகை: அரைக் கிராம் அரைக் கிராமாகச் சேர்ப்பது நல்ல சேமிப்பு. ஆனால் முதல் 3,000க்கு அது சரிப்படாது. வாங்கும்போது செய்கூலி, சேதாரம் போகும். அடகு வைத்தால் வட்டி ஓடும்.

கைமாற்று: உங்களிடம் 3,000 இருப்பது தெரிந்தால் கேட்க நாலு பேர் வருவார்கள். இல்லை என்று சொல்ல மனசு வராதவர்கள், கணக்கைப் பற்றி வெளியே வாயே திறக்காதீர்கள்.

எடுத்த பிறகு: காய்ச்சல் வந்தது, 2,000 எடுத்தீர்கள். இருப்பு 1,000 ஆகிவிட்டதே என்று சோர்ந்து நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். எதற்காகச் சேர்த்தீர்களோ அந்த வேலையைத்தான் பணம் செய்திருக்கிறது. நோட்டில் தேதி, காரணம், தொகை எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் 150 போடுங்கள். 14 வாரத்தில் பழையபடி நிரம்பிவிடும்.

இந்த வாரமே ஆதார், பான் அட்டை நகல்களும் இரண்டு போட்டோவும் எடுத்து வையுங்கள். பான் அட்டை இல்லாவிட்டால் அதற்குப் பதிலாக நிரப்பும் படிவத்தை வங்கியில் கேளுங்கள். வருகிற சனிக்கிழமை கூலி வாங்கியதும், வீட்டுக்கு வரும் வழியில் ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அந்த நாலு வரியையும் எழுதிவிடுங்கள்.